கை கழுவக் கற்றுத்தர வருவோர் கவனத்துக்கு

2022 ஜூலை 3 அன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை அதற்குள் 1,584 ஆகியிருந்தது. சிலரிடம் எடுத்த மாதிரிகளில் காலரா உறுதியாகியிருந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று நாள் மூடப்பட்டன. காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த நாள்கள் அவை. காரணத்தைத் தேடிப் போனபோது குடிநீர்க் குழாய்களில் கசிவும், அதன் வழியே கலந்த கழிவுநீரும்தான் கண்ணில் பட்டன. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011 கணக்கெடுப்பின்படி 2 லட்சம் மக்களும் கொண்ட சிறிய பகுதி இது. அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படிப்பறிவில் பின்தங்கிய ஊர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட ஊரில் வாந்தி பேதி வீடு வீடாகப் பரவியது. உடல்நலமும் தூய்மையும் கற்பிப்பதற்காக வெளிநாட்டிலிருந்து தன்னார்வலர்கள் வருவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஜூலை மாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது என் கருத்து. பிரான்ஸிலிருந்தும் பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் விடுமுறைக் காலத்தில் இளைஞர்கள் புதுச்சேரிக்கும் இந்தக் கடற்கரைக்கும் வருகிறார்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் சோப்பு போட்டுக் கை கழுவும் முறையைக் காட்டுகிறார்கள், சுவரில் படம் வரைகிறார்கள், சில வாரங்களில் திரும்புகிறார்கள். அவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காரைக்காலைப் போன்ற ஊருக்குக் குறைவாக இருப்பது அந்தப் பாடம் அல்ல. ஊரிலேயே இருப்பவர்களின் கையில் ஒரு திறமையை விட்டுப்போக முடிந்தால் மட்டுமே இப்படிப்பட்ட வருகைக்குப் பொருள் உண்டு.

நோய் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால் இது விளங்கும். காவிரியின் கடைமடை இது. நிலம் தட்டையானது, நிலத்தடி நீர்மட்டம் மேலே இருக்கிறது, கடலோரத்தில் அந்த நீர் உப்பு. சாக்கடையில் நீர் ஓடுவதைவிடத் தேங்குவதே அதிகம். வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து வழிவது தெருச் சாக்கடைக்கு வருகிறது. அந்தச் சாக்கடையை ஒட்டியோ, அதன் குறுக்கேயோதான் பல ஊர்களில் குடிநீர்க் குழாய் போகிறது. நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் குழாயில் ஓட்டை இருந்தால் நீர் வெளியே பீய்ச்சும். வெளியிலுள்ளது உள்ளே வராது. நம் ஊர்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் விடப்படுகிறது. விடுவது நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடுகிறது, சுற்றியிருக்கும் அழுக்கு நீர் விரிசல் வழியே உள்ளே இறங்குகிறது. அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது அந்த நீர்தான். போதாக்குறைக்கு, அழுத்தம் குறைவாக இருக்கிறதென்று வீட்டு இணைப்பிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். அந்த உறிஞ்சல் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் போதிய குளோரின் கலந்து, அது தெருவின் கடைசிக் குழாய்வரை மிஞ்சியிருந்தால் கிருமியின் ஆபத்து வெகுவாகக் குறையும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம். காரைக்காலின் ஒரு தாய் பத்து முறை சோப்பு போட்டுக் கை கழுவியிருந்தாலும், அந்தக் கையால் அவள் பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்த குவளைத் தண்ணீரில் இருந்ததை அவளால் என்ன செய்திருக்க முடியும்? கொதிக்க வைத்திருக்கலாம், உண்மைதான். ஆனால் அதற்கு எரிவாயு வேண்டும், நேரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய் நீரை நம்பக் கூடாது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

கை கழுவ வேண்டும் என்பது தெரியாமல் இங்கே யாரும் இல்லை. கொரோனா பரவிய 2020 முதல் இரண்டு ஆண்டுகள் செல்பேசியை எடுத்தாலே அந்த அறிவுரையைக் கேட்ட மக்கள் இவர்கள். தெரிந்ததைச் செய்கிறார்களா என்பது வேறு கேள்வி, அதற்கும் ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து 14 கிராமங்களில் நடந்து, 2014இல் லான்செட் குழுமத்தின் இதழில் வெளிவந்த ஆய்வு அது. முக்கியமான வேளைகளில் சோப்பு போட்டுக் கை கழுவுவது தொடக்கத்தில் நூற்றுக்கு ஓரிரண்டு முறைதான் நடந்தது. பிறகு பாதிக் கிராமங்களில் ஒரு பிரசாரம் நடத்தினார்கள். அதில் கிருமி, நோய் என்ற பேச்சே இல்லை. பிள்ளையை நல்ல பழக்கத்தோடு வளர்க்கும் தாயின் கதையும், அழுக்கைக் கண்டால் வரும் அருவருப்பும்தான் கூத்தாகவும் படமாகவும் போடப்பட்டன. ஆறு மாதத்தில் அங்கே கை கழுவுவது 37 விழுக்காடானது, மற்ற கிராமங்களில் 6 விழுக்காட்டில் நின்றது. கிருமியின் படத்தைக் காட்டி நடத்தும் பாடத்தை நம்பி வருகிறவர்கள் இந்த முடிவை யோசித்துப் பார்க்க வேண்டும். மக்களிடம் வேலை செய்தது அறிவியல் தகவல் அல்ல. அந்த ஊர்த் தாய்மார்களுக்கு எது பெருமை, எது அருவருப்பு என்று அறிந்து, அவர்கள் மொழியில் சொன்ன கதை. அதை இங்கே மூன்று வாரம் தங்கும், தமிழ் அறியாத ஒருவரால் எப்படிச் செய்ய முடியும்?

கற்பித்தல் பெரிய அளவில் வெற்றி பெற்ற இடங்களும் உண்டு. அவற்றில் முதலாவதாக நான் வைப்பது வங்கதேசத்தை. 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் என்ற அந்நாட்டு நிறுவனம் கிராமத்துப் பெண்களைப் பணியில் அமர்த்தி, வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து வயிற்றுப்போக்குக்கு மருந்து செய்வதைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவர்கள் வேலை. 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு இப்படிப் போனார்கள். இதில் கவனிக்க வேண்டியது சம்பளம் கணக்கிட்ட விதம். பாடம் நடந்து சில வாரங்கள் கழித்து இன்னொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். கரைசலைச் செய்துகாட்டவும் சொல்வார். தாய் சரியாகச் சொன்னால்தான் கற்பித்தவருக்கு முழு ஊதியம். எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்தோம் என்பதை எண்ணவில்லை, எத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள் என்பதை எண்ணினார்கள். நம் கடற்கரைக்கு வந்துபோகும் எந்தக் குழு தான் போன ஆறாவது மாதத்தில் திரும்பி வந்து இப்படி விசாரித்திருக்கிறது? கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு, சோப்பும் இடைவிடாத ஊக்குவிப்பும் கொடுத்த வீடுகளில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு 53 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. ஓராண்டு முழுக்க வாரந்தோறும் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து போனதன் பலன் அது. இதுபோன்ற தூய்மை முயற்சிகளைச் சோதித்து 2018இல் வெளிவந்த இரட்டை ஆய்வில் வங்கதேசத்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, கென்யாவில் குறையவில்லை. வங்கதேசத்தில் உள்ளூர்ப் பெண்கள் அடிக்கடி வீடு தேடிப் போனார்கள், கென்யாவில் மாதம் ஒரு முறைதான். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டளவில் செய்த இந்தத் தூய்மை முயற்சிகளால் இரண்டு நாட்டிலுமே குழந்தைகளின் உயர வளர்ச்சி மேம்படவில்லை. ஒரு வீட்டின் பழக்கத்தைத் திருத்துவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு அப்பால் தெருவையும் குழாயையும் சாக்கடையையும்தான் திருத்த வேண்டும்.

அப்படியானால் வெளிநாட்டார் வரவே கூடாதா என்று கேட்பார்கள். அப்படி நான் சொல்லவில்லை. பொதுச் சுகாதார வரலாற்றில் அயலாரின் பங்கு பெரியது. 1920களிலும் 1930களிலும் ஜாவாவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் மருத்துவர் ஹைட்ரிக் கொக்கிப்புழு ஒழிப்புக்குப் போனபோது, தானே ஊர் ஊராகப் பேசிக்கொண்டு திரியவில்லை. உள்ளூர் இளைஞர்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பினார். தமிழ்நாட்டில், திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் தொடங்கிய ஊரகச் சுகாதாரப் பணிக்கு அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை உதவியது. ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் வேலை செய்தவர்கள் நம்மவர்கள். திருச்சியில் கிராமாலயா நிறுவனம் பிரிட்டனின் வாட்டர் எய்ட் உதவியோடு செய்த வேலை இன்னும் தெளிவான சான்று. கல்மந்தை என்ற குடிசைப் பகுதியின் பொதுக் கழிப்பறையை அங்கே வாழும் பெண்களின் குழுவே ஏற்று, சிறு கட்டணம் வாங்கி, சுத்தம் செய்து, கணக்கெழுதி நடத்தியது. பணமும் யோசனையும் வெளியிலிருந்து வரலாம். சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதுதான் கேள்வி. புதுச்சேரியிலேயே பெல்ஜியத்திலிருந்து 1960களில் இளம்பெண்ணாக வந்த மதலேன் தெ ப்ளிக், வொலொந்தாரியா என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கி இந்த மண்ணிலேயே வாழ்ந்தார். அவரைப் போல ஊரோடு ஒன்றிவிடுகிறவர்களையும், விடுமுறைக்கு வந்துபோகிறவர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியல்ல.

ஆழிப்பேரலையை நினைவூட்டுவார்கள். நினைவூட்டத்தான் வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இறந்த சுமார் 600 பேரில் மிகப் பெரும்பாலோர் காரைக்கால் மீனவக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். உலகெங்கிலுமிருந்து மனிதர்கள் வந்து உதவினார்கள். அந்த உதவியைக் குறைத்துப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த அனுபவமும் என் வாதத்துக்கே துணை நிற்கிறது. பெருங்கொள்ளை நோய் வரும் என்று எல்லோரும் அஞ்சினார்கள், வரவில்லை. லாரியில் வந்த தண்ணீரில் குளோரின் கலந்ததும், பிளீச்சிங் பவுடர் தூவியதும், தடுப்பூசி போட்டதும், முகாம் முகாமாகச் சுகாதாரப் பணியாளர்கள் கண்காணித்ததும் அதற்குக் காரணம். அதே வேளையில், யாருக்கும் தேவைப்படாத பழந்துணிகள் இந்தக் கடற்கரைச் சாலைகளில் குவிந்து கிடந்தன. வந்தவர் எதைக் கொடுக்க விரும்பினார் என்பதும் இருந்தவருக்கு எது வேண்டும் என்பதும் ஒன்றாக இருப்பதில்லை.

விடுமுறைக்கு வருகிறவர்கள் எடுக்கும் பாடத்தால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை என்ன, கை கழுவச் சொல்வதில் என்ன கெடுதல் என்று சிலர் கேட்கலாம். கெடுதல் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், அது எளிதில் கண்ணுக்குத் தெரியாதது. மீனவக் குப்பத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, தூய்மை என்றால் என்ன என்று தொலைவிலிருந்து வந்த ஒருவர் சொல்லும்போது, உங்கள் வீட்டு அழுக்கால்தான் உங்களுக்கு நோய் வருகிறது என்பதும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. அந்தப் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் தாயிடம் சொல்கிறது. 2022இல் குற்றம் தாயிடம் இல்லை. பராமரிக்காமல் விட்ட குழாயில் இருந்தது. பொறுப்பு இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்து, பதில் சொல்ல முடியாதவர்களின் தலையில் இறங்குகிறது. புதுச்சேரியில் இது சாதாரண விஷயமல்ல. இங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. காலரா வந்த 2022இல் காரைக்கால் நகராட்சியிலும் சரி, திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் சரி, தண்ணீர் கலங்கி வருகிறது என்று போய்ச் சொல்ல மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லை. கேள்வி கேட்கும் வழி அடைபட்ட ஊரில், கேள்வியை மக்கள் பக்கமே திருப்பிவிடும் பாடம் அநியாயமானது. தவிர, உதவ வருகிறவர்களின் கழிவும் கழிவுதான். 2010இல் ஹைதிக்குக் காலரா போய்ச் சேர்ந்தது ஐ.நா. அமைதிப் படையின் முகாமிலிருந்து ஆற்றில் கலந்த கழிவுநீரால். சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2016இல் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் அந்நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

வெளிநாட்டார் சொன்னால் மக்கள் கேட்பார்கள் என்ற வாதமும் உண்டு. முதல் நாள் கேட்பார்கள், வேடிக்கைக்காகவாவது கூடுவார்கள். இரவு இரண்டு மணிக்குக் குழந்தை வாந்தி எடுக்கும்போது கதவைத் தட்டுவது பக்கத்துத் தெரு அங்கன்வாடி அம்மாவின் வீட்டைத்தான். அவர் வார்த்தைக்குக் கனம் சேர்க்கிற வேலையை யார் செய்தாலும் அது உதவி. அவரை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு விருந்தினர் வகுப்பெடுப்பது உதவி அல்ல. இளைஞர்கள் உலகைப் பார்ப்பது நல்லதுதானே, அவர்கள் மனம் விரிகிறதே என்றால், விரியட்டும். வந்து தங்கட்டும், தமிழ் கற்கட்டும், நம் வீடுகளில் சாப்பிடட்டும். அதற்குக் கற்க வந்தவர் என்றே பெயர் இருக்கட்டும். கற்க வருவதில் எந்தக் குறைவும் இல்லை. ஏழைப் பிள்ளைகளின் வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியராக நிற்கும்போதுதான் தகுதி பற்றிய கேள்வி எழுகிறது. பாரிஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் பயிற்சி இல்லாத ஒருவரைச் சுகாதாரப் பாடம் எடுக்க விடமாட்டார்கள் என்றால், காரைக்காலின் மீனவக் குப்பமான பட்டினச்சேரியிலும் விடக் கூடாது.

உண்மையில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. தண்ணீரைச் சோதிப்பதை ஊரே கற்றுக்கொள்ள வேண்டும். குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியில் நீரை எடுத்து, அதில் சில சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்த்தால் குளோரின் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நீரில் மலக் கலப்பு இருந்தால் கறுத்துப்போகும் பாட்டில் சோதனையை, குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த மாஞ்சாவும் உடன் பணியாற்றியவர்களும் 1982லேயே உருவாக்கிக் கொடுத்துவிட்டார்கள். அது இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. புதுச்சேரியின் ஊரகப் பகுதிகளில் எல்லா வீட்டுக்கும் குழாய் இணைப்பு கொடுத்தாயிற்று என்று 2021இல் அறிவித்தார்கள். குழாய் வந்துவிட்டது, அதில் வருவது என்ன என்று பார்க்கும் கண்கள்தான் போதவில்லை. நீர்ப் பொறியியலோ நுண்ணுயிரியலோ செவிலியமோ முறையாகப் படித்த ஒரு வெளிநாட்டு இளைஞர் ஆறு மாதம் இங்கே தங்கி, ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கும் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும் இந்தச் சோதனையையும், முடிவுகளைத் தெருவாரியாக வரைபடத்தில் குறிப்பதையும் பழக்கிவிட்டுப் போனால், அவர் போன பின்னும் வேலை நடக்கும். பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிரான்ஸில் வாழும் காரைக்கால் குடும்பங்களின் பிள்ளைகள் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள். அவர்களுக்கு மொழியும் தெரியும், தாத்தா வீடும் இங்கே இருக்கும், ஆண்டுக்கு ஒரு முறையாவது வந்து தொடர்ந்து பார்க்கவும் முடியும்.

இதெல்லாம் அரசின் வேலை, தன்னார்வலர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்பது கடைசியாக வரக்கூடிய ஆட்சேபம். குழாயை மாற்றுவது அரசின் வேலைதான், பொதுப்பணித் துறையின் வேலை. அதை எந்தத் தன்னார்வலரும் செய்ய வேண்டாம், செய்யவும் முடியாது. குழாயில் வருவது நல்ல நீரா என்று குடிமக்கள் அளந்து பார்ப்பதும், அளந்ததைச் சொல்லிக் கேட்பதும் அரசின் வேலையைக் குறைப்பதல்ல, அதைச் செய்ய வைப்பது. ஆகவே வெளிநாட்டுக் குழுக்களை வரவேற்கும் தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆறு மாதத்துக்குக் குறைவாக வருகிறவர்களைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க அனுப்பாதீர்கள், வருகிறவர் யாரைப் பயிற்றுவிக்கப் போகிறார் என்று பெயர் சொல்லக் கேளுங்கள். நகராட்சிக்கும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு தெருவின் கடைசிக் குழாயிலும் எடுத்த குளோரின் அளவை வாரந்தோறும் ரேஷன் கடை வாசலில் எழுதி ஒட்டுங்கள். அதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை.